ஆயா சொன்ன எண்

எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே கறுப்பு நிறத்தில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. நீளம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி, முன்னால் ஒரு கொண்டி, அதில் பூட்டு இல்லை. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் மூன்று வரிகள் எழுதியிருக்கிறது. முதல் வரியில் ஆறு இலக்க எண். இரண்டாவது வரியில் சாப்பர் என்னும் பட்டாளத்துப் பதவியின் ஆங்கிலச் சுருக்கமும் தாத்தாவின் பெயரும். மூன்றாவது வரியில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர். பெயரில் இரண்டு எழுத்துகள் உதிர்ந்துவிட்டன, ரயில் நிலையத்தின் பெயரில் பாதியைத் துரு தின்றுவிட்டது. எண் மட்டும் எழுதிய அன்று இருந்தபடியே இருக்கிறது. பெரியப்பா வீட்டில் நாற்பது வருடங்களுக்கு மேல் அந்த மூடியின் அந்தப் பகுதியில்தான் நெல் மூட்டை கிடந்தது என்பதும், வெயிலும் ஈரமும் படாமல் மூட்டைதான் அதைக் காத்தது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1978-இல் அவர் காலமாகிவிட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்னவையும் ஆயா சொன்னவையும்தான். வேலூர்ப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். இரண்டாம் உலகப் போரில் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தார் என்பதும், பர்மாவுக்குப் போய் உயிரோடு திரும்பினார் என்பதும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. ஊரில் எங்கள் வீட்டுக்கு ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று பெயர். அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது, ஆனால் எந்த மிலிட்டரி, எந்தச் சண்டை என்று சொல்லத் தெரிந்தவர்கள் இல்லை.

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போவது புதிய செய்தி அல்ல. வேலூர் கடைவீதியில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்: 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று அதில் இருக்கிறது. தாத்தா 1941-இல் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. தேசபக்தியும் ராஜபக்தியும் அவரை அழைத்துப் போகவில்லை. மழை பொய்த்த வருடம், நிலத்தின் மேல் கடன், வீட்டில் ஐந்து வாய்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் மாதச் சம்பளமும் சோறும் துணியும் தருவதாகச் சொன்னார்கள், போனார். இதை மறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கூலிக்குப் போனவன் என்று பின்னாளில் சிலர் ஏளனமாகச் சொன்னபோது தாத்தா பதில் சொல்லவே இல்லையாம். அந்த மௌனம்தான் அப்பாவைக் கடைசிவரை வருத்தியது.

தென்னாட்டுக்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு செய்து, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் மதராஸ் காலாட்படையைப் பிரிட்டிஷார் கலைத்துவிட்டார்கள். கலைக்காமல் வைத்திருந்தது பெங்களூரில் அல்சூர் ஏரிக் கரையில் இருந்த சாப்பர் படையைத்தான். 1780-இல் தொடங்கிய அந்தப் படையின் வேலை பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது. அதன் வீரர்களைப் பிற படைக்காரர்கள் ‘தம்பி’ என்று அழைப்பார்கள், இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்னும் இடத்தில் கண்ணிவெடி ஒன்றின் மேல் தன் உடலைப் போட்டுத் தன் ஆட்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படையைச் சேர்ந்தவர், செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ஒரு நாட்டின் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது.

1943-இல் தாத்தா விடுப்பில் வந்தபோது கல்யாணம் நடந்தது. ஆயாவுக்குப் பதினாறு வயது. மூன்று வாரம் சேர்ந்து இருந்தார்கள். திரும்பிப் போகும் முன் தாத்தா அவருக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் எழுதத் தெரிந்த யாரிடமாவது சொல்லி எழுதச் சொல். ஆனால் முதலில் இந்த எண்ணைச் சொல். பெயர் தப்பாக எழுதினாலும் கடிதம் என்னிடம் வந்து சேரும், எண் தப்பினால் வராது என்றாராம். போர்க்காலத்தில் ஒரு படைப்பிரிவு எந்த இடத்தில் இருக்கிறது என்பது ரகசியம். உறையின் மேல் ஊர் பெயர் எழுத முடியாது, எண்ணும் பதவியும் பெயரும் பிரிவும்தான் எழுத முடியும். ஆகவே அந்த எண்தான் தாத்தாவின் விலாசம்.

ஆயாவுக்கு எழுத்தும் தெரியாது, ஆங்கில எண்களும் தெரியாது. தாத்தா பட்டாளத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய ஆங்கிலத்திலேயே எண்ணைச் சொன்னார், ஆயா அதை வாய்ப்பாடு போல ஓசையாக மனப்பாடம் செய்துகொண்டார். முழு எண்ணையும் இங்கே எழுதப் போவதில்லை. நடுவில் வரும் மூன்று இலக்கங்களை மட்டும் சொல்கிறேன்: நான்கு, பூஜ்ஜியம், ஏழு. அன்றைய பட்டாளத்து ஆங்கிலத்தில் பூஜ்ஜியத்துக்கு ‘நாட்’ என்பார்கள். ஆயாவின் வாயில் அது ‘போர் நாட்டு செவன்’ என்று வந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எங்கள் பக்கத்து விவசாய வீட்டில் போர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வைக்கோல் போர். ஆனால் ஆடி மாதம் பாரதக் கூத்து நடக்கும் ஊர் எங்களுடையது. பதினெட்டு நாள் போரையும் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர் ஆயா. ஆகவே போர் என்றால் என்ன, போரில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் கூத்தில் எப்படி அழுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ‘போர் நாட்டு’ என்ற இரண்டு சொற்களை அவர் தமிழாகவே கேட்டார். தன் புருஷன் இருக்கும் இடம் போர் நாடு, கடிதம் அந்த நாட்டுக்குப் போகிறது என்று நம்பினார். முன்னும் பின்னும் வரும் சொற்கள் வெள்ளைக்காரன் பாஷை. நடுவில் இருப்பது மட்டும் தனக்குப் புரிந்தது என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது, “உன் தாத்தா அங்கதான்டா இருந்தாரு, போர் நாட்டுல” என்று சொல்வார். பர்மா என்ற பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்தப் போர் நாட்டில் தாத்தா செய்த வேலை பெரும்பாலும் தூக்குவதும் சுமப்பதும்தான். பெய்லி பாலத்தைப் பற்றி அப்பாவிடம் அடிக்கடி பேசியிருக்கிறார். அது இரும்புச் சட்டங்களைக் கோத்து ஆணி அடித்துப் போடும் பாலம். ஒரு சட்டம் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ எடை. ஆறு பேர் தூக்குக்கட்டைகளைச் செருகி ஒரே மூச்சில் தூக்க வேண்டும், ஒருவன் தளர்ந்தாலும் மற்ற ஐந்து பேரின் தோளும் போகும். தாத்தாவின் வலத் தோள் இடத் தோளைவிடத் தாழ்ந்திருக்கும் என்று அப்பா சொல்வார். 1944 டிசம்பரில் கலேவா என்னும் இடத்தில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு மிதவைகளின் மேல் ஒரு பெய்லி பாலம் போடப்பட்டது. உலகத்தில் அதுவரை போட்ட பெய்லி பாலங்களில் அதுவே நீளமானது. அந்தப் பாலத்தின் மேல் நடந்துபோனதைத் தாத்தா ஒரு திருவிழாவைச் சொல்வதுபோலச் சொல்வாராம்.

சாலை வேலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறிவிடுமாம். பர்மாவின் மழையில் கல்லும் இல்லை, கிடைத்த மண்ணும் நிற்பதில்லை. சணல் துணியைத் தாரில் தோய்த்து, சுருள் சுருளாகக் கொண்டுவந்து, சமன் செய்த மண்ணின் மேல் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறும்படி விரிப்பார்கள். தண்ணீர் கீழே இறங்காமல் இருந்தால் லாரி போகும், எங்காவது கிழிந்தால் அந்த இடம் சேறாகிவிடும், மறுபடி விரிக்க வேண்டும். ‘பிட்டெஸ்’ என்று அதற்குப் பெயர். தாத்தாவின் இடது முன்கையில் கொதிக்கும் தார் பட்ட வடு ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. பதக்கம் கொடுத்தார்களே அது எதற்கு என்று அப்பா சின்ன வயதில் கேட்டபோது, தாத்தா பேசாமல் முழுக்கைச் சட்டையை ஏற்றி அந்த வடுவைக் காட்டினாராம்.

அதே வழியில்தான் 1942-இல் ஜப்பானியர் வந்தபோது ரங்கூனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலை ஏறி நடந்து வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். இரண்டு வருடம் கழித்து எதிர்த்திசையில் சாலை போட்டுக்கொண்டு போன தாத்தா, காபா பள்ளத்தாக்கில் மண்ணை வெட்டும்போது பார்த்த ஒன்றைப் பற்றி ஒரே ஒரு தடவை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எலும்புகளுக்கு நடுவில் நம்மூர்ப் பெண்கள் போடும் கால் மெட்டி ஒன்று கிடந்ததாம். அதை அங்கேயே புதைத்துவிட்டுத் துணியை விரித்தார்களாம். அந்தச் சாலை போய்ச் சேரும் தாமுவுக்கு எதிரே, இந்திய எல்லையில் இருக்கும் மோரே என்ற ஊரில், 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் வந்து குடியேறி இன்றும் கோயில் கட்டி வாழ்கிறார்கள். ஒரு நாள் அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை.

1946-இல் தாத்தாவை விடுவித்தார்கள். பெங்களூரில் அந்தப் பெட்டியை வாங்கி, அங்கேயே பெயிண்ட் அடிக்கத் தெரிந்த ஒருவரிடம் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். சில வருடங்கள் கழித்து மூன்று பதக்கங்கள் வந்தன. ஆறு முனைகள் கொண்ட இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று 1939–45 நட்சத்திரம், மற்றொன்று பர்மா நட்சத்திரம். மூன்றாவது வட்டமான போர்ப் பதக்கம். அந்தப் போருக்காக அன்று வழங்கப்பட்ட எட்டு வகை நட்சத்திரங்களும் ஒரே அச்சில் செய்தவை, நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரெழுத்தும் கிரீடமும் இருக்கும். சுற்றி உள்ள எழுத்தையும் நாடாவின் நிறத்தையும் பார்த்துத்தான் எது எது என்று சொல்ல முடியும். பிரிட்டனில் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலேயே இவற்றைக் கொடுத்தார்கள். இந்தியர்களுக்கும் தென்னாப்பிரிக்கர்களுக்கும் ஆஸ்திரேலியர்களுக்கும் வழங்கியவற்றில்தான் பின்புறம் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்.

போர்ப் பதக்கம் எங்களிடம் இல்லை. வெள்ளை நிறத்தைப் பார்த்து வெள்ளி என்று நினைத்த உறவினர் ஒருவர், ஒரு பஞ்ச காலத்தில், விற்றுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், காசுக்குப் பெறாது. பணமும் வரவில்லை, பதக்கமும் திரும்பவில்லை. கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று ஆயா கேட்கவில்லை.

நட்சத்திரங்கள் இரண்டும் மஞ்சள் நிறம், செம்பும் துத்தநாகமும் கலந்தவை. ஆயாவைப் பொறுத்தவரை அவை பித்தளை. பித்தளை என்றால் பொங்கலுக்கு முன் துலக்க வேண்டும். என் கண்ணுக்குள் இருக்கும் காட்சி இது: கிணற்றடியில் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ஊறவைத்த புளியைக் கொட்டையோடு கையில் எடுத்து ஆயா தேய்ப்பார். கடைசியில் இடுப்பில் செருகியிருந்த சின்னத் தகர டப்பாவைத் திறந்து இரண்டு நட்சத்திரங்களையும் எடுப்பார். விளக்கை வேகமாகத் தேய்த்த அதே கை, இவற்றை மட்டும் பெருவிரலால் மெதுவாக, ஒவ்வொரு முனையாக, பிறகு திருப்பிப் பின்புறமும் தேய்க்கும். கழுவித் துடைத்துத் தாத்தா படத்தின் முன் வைத்து, போகி முதல் காணும் பொங்கல் வரை அங்கேயே விடுவார். அப்படி முப்பது பொங்கலுக்கு மேல் நடந்திருக்கிறது. மன்னரின் கிரீடம் வழுவழுப்பான ஒரு மேடாகிவிட்டது. பின்னால் பொறித்திருந்த எண்ணும் பெயரும் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்து போயின. பழைய பதக்கங்களைத் துலக்கவே கூடாது, உலோகத்தின் மேல் படியும் கறையே அதற்குக் காப்பு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது சரிதான், நானும் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன். ஆனால் ஆயாவின் கையைத் தடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

1990களின் நடுவில், ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது என்று யாரோ சொல்ல, அப்பா ஆயாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். விடுவிப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அதைக் கரையான் அரித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆயா நட்சத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியலையேம்மா, நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கா?” என்றார். ஆயா எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து சொல்லக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன் கற்ற பாடத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தார். அவர் எழுதிக்கொண்டார். எழுதியதைப் பார்த்த எங்கள் யாருக்கும் அதில் ஐந்து இலக்கங்களே இருந்தன என்பது உறைக்கவில்லை. ‘நாட்டு’ என்பதை அவரும் தமிழாகவே கேட்டு விட்டுவிட்டார்.

ஏழு மாதம் கழித்து, அந்த எண்ணில் அப்படி ஒருவர் பணியாற்றவில்லை என்று பதில் வந்தது. ஆயா அழவில்லை. கடிதத்தைத் தாத்தா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, “அப்ப அம்பது வருஷத்துக்கு முன்னாடி நான் யாருக்குக் கடுதாசி போட்டேன்?” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அந்த ஐந்து இலக்கங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆயாவைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னவர் அப்பாதான். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கும் அது ஒரு பாட்டாகவே ஆகிவிட்டிருந்தது, பிரித்துக் கேட்டதே இல்லை. மூன்றாவது நாள் விடியற்காலையில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் பெரியப்பா வீட்டுக்குப் போனார். நெல் மூட்டைகளை இரண்டு பேருமாக நகர்த்தி, மூடியின் மேல் இருந்த உமியை ஈரத் துணியால் துடைத்தார்கள். நான்குக்கும் ஏழுக்கும் நடுவில், முட்டை வடிவில், வெள்ளைப் பெயிண்டில் ஒரு பூஜ்ஜியம். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று அப்பா சொன்னார். திருத்திய எண்ணோடு மறுபடி விண்ணப்பம் போயிற்று. இந்த முறை மூன்று மாதத்தில் உறுதி வந்தது. 2009-இல் இறக்கும்வரை ஆயா அந்தத் தொகையை வாங்கினார். முதல் மாதப் பணத்தில் புளி வாங்கினார், மீதியை அப்பாவிடம் கொடுத்தார்.

இன்றைய இராக்கான மெசபடோமியாவில் முதல் உலகப் போரில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதன் சுவர்களில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைச் செதுக்கினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு, பிரிவின் பெயருக்குக் கீழே, எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும்தான் இருந்தது. பெயர்களைத் தனிப் புத்தகத்தில் பதிந்தார்கள். மணிக்கூண்டுக் கல்லிலும் 277, 14 என்ற கணக்குத்தான். இந்த அநியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. பெயர் உதிர்ந்த பெட்டியில் எண் நின்றது, அந்த எண்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்கள் 87,000-க்கும் மேல். உயிரோடு திரும்பியவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்கள் வீட்டுப் பரணில் எந்தப் பெட்டியின் மூடியில் எந்த எண் இருக்கிறதோ. தயவுசெய்து மேலே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

பெரியப்பா வீட்டை இடித்துக் கட்டியபோது பெட்டியை யாரும் கேட்கவில்லை, நான் கொண்டுவந்தேன். கீல் பழுது பார்த்த கொல்லர், முழுவதும் சுரண்டிப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று இரண்டு முறை சொன்னார். அடிப்பகுதியில் ஓட்டையை மட்டும் அடைக்கச் சொன்னேன். நட்சத்திரங்கள் இரண்டும் அதே தகர டப்பாவில், அதே பெட்டிக்குள் இருக்கின்றன. ஆயா போன பிறகு யாரும் துலக்கவில்லை, கறுத்துக்கொண்டு வருகின்றன. சென்ற மாதம் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, பர்மா நட்சத்திரத்தின் பின்புறத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஏழின் மேல்கோடு தெரிந்தது. அதற்கு முன்னால் மிக மெல்லியதாக ஒரு வளைவு இருந்தது, விரல் நகத்தால் தொட்டால் மட்டுமே தெரியும் அளவுக்கு.

மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தாத்தாவின் முழுப் பெயர், சேர்ந்த வருடம், விடுவிக்கப்பட்ட வருடம், சிந்த்வின் பாலம், தார்த் துணி, மெட்டி, எல்லாவற்றையும் எழுதினேன். எண்ணை எழுதும் இடத்தில் முதலில் இலக்கங்களை எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஆயா சொன்னபடியே தமிழில் எழுதினேன். ‘போர்’ என்று எழுதி, ‘நாட்டு’ என்று எழுதி, பிறகுதான் ‘செவன்’ எழுதினேன்.